மாப்பிள்ளைக்குத் துணை

ஜனவரி 3, சனி

தூக்கம் வராதவர்கள் தினமும் நாட்குறிப்பு எழுதினால் வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எழுதுகிறேன். இதுவரை தூக்கம் வந்தது டாக்டருக்குத்தான். போன வாரம் என் நிலைமையை விளக்கிக்கொண்டிருந்தபோது இரண்டு முறை கொட்டாவி விட்டார்.

காலையில் தங்கை சுலோச்சனா போன் செய்தாள். அவள் கணவர் தாமோதரன் பம்பு கம்பெனி முதலாளி. சென்ற ஜூனில் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். டாக்டர் அவரிடம் மிதமான உடற்பயிற்சி செய்யச் சொன்னாராம். அவர் யோசித்துப் பார்த்து, பொங்கல் விடுமுறையில் நீலகிரி மலைக்குள், உறைபனி விழும் மாதத்தில், ரோடு போடாத பாதையில் சைக்கிள் ஓட்டுவது என்று முடிவு செய்திருக்கிறார். இதுதான் மிதம் என்றால், தீவிரமான உடற்பயிற்சிக்கு அவர் எந்தக் கண்டத்துக்குப் போவார் என்று தெரியவில்லை.

"தனியா விட பயமா இருக்குங்ணா. நீங்க கூடப் போனா எனக்கு நிம்மதி. பத்திரமாக் கூட்டிட்டு வந்துருங்க, போதும்" என்றாள்.

எனக்கு ஐம்பத்தாறு வயது என்பதையும், கடைசியாகச் சைக்கிள் மிதித்தது கல்லூரி நாட்களில் என்பதையும் நினைவூட்டினேன். அவர் மெதுவாகத்தான் போவார் என்றாள். சரி என்றேன். ஆக, என் பொறுப்பு ஒன்றே ஒன்று: தங்கையின் கணவரை உயிரோடு திருப்பிக் கொண்டுவந்து ஒப்படைப்பது.

நான் வீட்டை விட்டு அதிகம் வெளியே போவதில்லை என்று சுலோ ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டாள். உண்மைதான். முதலில் வெயில் காரணமாகப் போகவில்லை. பிறகு மழை. பிறகு வெயிலோ மழையோ இல்லாத காரணத்தால்.

மனைவி ஹேமலதா போன பிப்ரவரியில் காலமானதிலிருந்து இந்த வீட்டில் சத்தம் போடுவது ஃப்ரிட்ஜ் மட்டும். அதுவும் விட்டுவிட்டுத்தான்.

ஜனவரி 6, செவ்வாய்

சைக்கிள் வந்து சேர்ந்தது. மாப்பிள்ளையே காரின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். டயர் புல்லட் டயரை விடத் தடிமன். பனியிலும் சேற்றிலும் புதையாதாம். கியர்கள் ஏராளம். மேடு வந்தால் எந்தக் கியரில் இறங்கித் தள்ள வேண்டும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஒரு கால்சட்டையும் கொடுத்தார். உட்காரும் இடத்தில் மெத்தை வைத்துத் தைத்தது. இத்தனை காலம் நாற்காலிக்கு மெத்தை போட்டு வந்த மனித குலம் தன் தவறை உணர்ந்து மனிதனுக்கே போட்டுவிட்டது. கூடவே ஒரு கைக்கடிகாரம். நாடித்துடிப்பு, தூக்கம், மன அழுத்தம் எல்லாம் காட்டுமாம். அவர் கையிலும் அதேதான். "ரெண்டு வாங்குனா சலுகைங்க மச்சான்" என்றார். அதன் செயலியை என் போனில் அவரே போட்டு, ஏதேதோ தட்டி, எல்லாவற்றுக்கும் சம்மதம் கொடுத்துவிட்டார்.

எனக்கு இது வசதி. அவர் கடிகாரத்தில் நாடி எகிறுகிறதா என்று பக்கத்திலிருந்தே எட்டிப் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் குடும்ப வழக்கம் ஒன்றை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். எங்கள் வீட்டில் மாப்பிள்ளை சொன்னதை யாரும் மறுப்பதில்லை. கல்யாணமான புதிதில் விருந்துக்கு வந்த தாமோதரன், பவானி ஆறு கரூருக்குப் பக்கத்தில் காவிரியில் கலக்கிறது என்றார். கலப்பது பவானியில். அந்த ஊருக்கே பெயர் அதுதான். எங்கள் அப்பா அரை நிமிடம் யோசித்தார். "அங்கயும் கொஞ்சம் கலக்குதுங்க" என்றார். மாப்பிள்ளையைத் திருத்துவதை விட ஆற்றைத் திருப்புவது அவருக்குச் சுலபமாக இருந்தது. அப்பாவுக்குப் பிறகு அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. முப்பது வருடம் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவன் நான். வங்கி வட்டியைப் பற்றி மாப்பிள்ளை சொல்லும் கருத்துகளுக்கெல்லாம் தலையாட்டிப் பழகிய கழுத்து இது.

ஜனவரி 8, வியாழன்

தெருவில் பயிற்சி. நாய்கள் என்னை வேகமாக விரட்டவில்லை. கூட நடந்து வந்தன.

ஜனவரி 11, ஞாயிறு

காலையில் வழக்கம்போல இரண்டு டம்ளர் காபி. அளவு கை பழகிவிட்டது. ஒன்றுக்குப் போட்டால் டிகாக்‌ஷன் சரியாக இறங்குவதில்லை. ஒன்றில் சர்க்கரை அரை ஸ்பூன், இன்னொன்றில் இரண்டு. இரண்டாவதை வழக்கம்போல் கொல்லையில் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். செடி நன்றாக வளர்ந்திருக்கிறது. இலைகளில் லேசாகக் காபி வாசனை அடிப்பது என் கற்பனையாக இருக்கலாம்.

சுலோ போன் செய்து, ராத்திரி ஏன் தூங்கவில்லை என்று கேட்டாள். தூங்கினேனே என்றேன். "குரலைக் கேட்டாலே தெரியுதுங்ணா" என்றாள். கூர்மையான காது. அவள் கேட்டபோது நான் 'ஹலோ' தவிர வேறெதுவும் பேசியிருக்கவில்லை.

ஜனவரி 13, செவ்வாய்

மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினோம், சைக்கிள்கள் காரின் முதுகில். குன்னூர் தாண்டி இரண்டு மணி நேரம். கடைசி ஒரு மணி நேரம் பாதை தேயிலைத் தோட்டங்களை விட்டுப் பிரிந்து தன் இஷ்டத்துக்குப் போனது.

எஸ்டேட் மாப்பிள்ளையின் வாடிக்கையாளர் ஒருவருடையது. பாதி தோட்டம், பாதி சோலைக்காடும் புல்வெளியும். ஒரு பழைய பங்களாவும் அதைப் பார்த்துக்கொள்ளும் போஜனும் உண்டு. போஜன் படுகர், என் வயதுக்காரர். எங்களைப் பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார். மறுபடி எங்களைப் பார்த்தார். "ரெண்டும் நல்ல வண்டி சார்" என்றார். எங்களைப் பற்றிக் கருத்து சொல்லவில்லை.

ஒவ்வொன்றாக எச்சரித்தார். காட்டு மாடு எதிரே வந்தால் நிற்க வேண்டும். கரடி வந்தால் நிற்கக் கூடாது. பனி மூடினால் அசையக் கூடாது, குளிர் ஏறினால் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். பனியும் குளிரும் சேர்ந்து வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "அப்போ நீங்கதான் சார் பாத்துக்கணும்" என்றார்.

தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகிவிட்டது. பற்பசை வெளியே வர மறுக்கிறது. அதன் நிலைப்பாட்டை மதிக்கிறேன்.

ஜனவரி 14, புதன் (போகி)

புல்வெளி முழுக்க உப்பு கொட்டியதுபோல உறைபனி. அதன் மேல் டயர் ஏறும்போது அப்பளம் நொறுங்குகிற சத்தம். இந்தச் சத்தத்துக்காகத்தான் பணம் படைத்தவர்கள் இவ்வளவு தூரம் வருகிறார்கள் என்று புரிந்தது. வீட்டிலேயே அப்பளம் பொரித்துக்கொள்ளலாம் என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை.

எஸ்டேட்டைச் சுற்றி ஒரு வட்டம் போனோம். நான் நான்கு முறை விழுந்தேன். அதில் ஒன்று சைக்கிள் நின்றுகொண்டிருந்தபோது.

மாப்பிள்ளைக்கு முடியவில்லை. வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ஆனால் ஒவ்வொரு மேட்டிலும் இறங்கிக் காளான்களைப் போட்டோ எடுக்கிறார். பம்பு செய்கிறவருக்குக் காளான் மேல் என்ன காதல்? மூச்சு வாங்குவதை மறைக்கத்தான். நானும் தெரியாததுபோல் ஒரு பாறையில் உட்கார்ந்து, அவர் போதுமான அளவு ஓய்வெடுக்கும் வரை காத்திருந்தேன். சில இடங்களில் காளானே இல்லை. வெறும் மரத்தை எடுத்தார். எட்டிப் பார்த்தபோது அவர் நாடி எழுபத்தெட்டு. என்னுடையது நூற்று ஐம்பது. கடிகாரம் மலிவு, சலுகையில் வாங்கினால் இப்படித்தான்.

சாயங்காலம் போஜன் வேண்டாத சாமான்களைப் போட்டு எரித்தார். குளிருக்கு இதமாக இருந்தது. நாளை பொங்கல். துக்க வீடு என்பதால் எங்கள் வீட்டில் இந்த வருடம் கிடையாது, அது வழக்கம். மாப்பிள்ளை வீட்டில் துக்கம் எதுவும் இல்லை. அங்கே சுலோவும் பிள்ளைகளும் பானை வைக்கும்போது வீட்டுத் தலைவர் இங்கே மரத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளையைக் கேள்வி கேட்கும் வழக்கமும் எங்களிடம் இல்லை.

ஜனவரி 15, வியாழன் (பொங்கல்)

விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை, எழுத்து கோணலாக இருக்கும். குளிரினால்.

காலையில் பன்னிக்கல் என்ற பாறைக்குப் புறப்பட்டோம். அந்தக் காலத்தில் குதிரை போன பாதையாம். போஜன் சொன்ன வழி சுலபம். ஒரே ஒரு பிரிவு. இடப்பக்கம் கற்பூர மரங்களை ஒட்டி மேலே ஏறினால் பன்னிக்கல். வலப்பக்கம் இறங்கினால் சோலைக்காடு, சதுப்பு, வேறொன்றும் இல்லை.

பிரிவுக்கு மதியத்துக்கு முன்பே வந்துவிட்டோம். மாப்பிள்ளை நின்றார். அவருடைய முன்சக்கரம் வலப்பக்கம் திரும்பியிருந்தது. தவறு என்று எனக்குத் தெரியும். போஜன் சொன்னது காதிலேயே இருக்கிறது. ஆனால் மாப்பிள்ளை முன்சக்கரத்தைத் திருப்பிய பிறகு நான் என்ன சொல்வது? அவரே வழிகாட்டுகிற சங்கடத்தைக் கொடுக்க வேண்டாம் என்று நானே முந்திக்கொண்டு வலப்பக்கம் இறங்கினேன். ஒரு கணம் தயங்கிவிட்டு அவரும் பின்னால் வந்தார். "வழி நல்லாருக்குங்க மாப்ள" என்றேன். "அருமையா இருக்குங்க மச்சான்" என்றார்.

அருமையான வழி கொஞ்ச தூரத்தில் முடிந்தது. பிறகு வேர்கள். பிறகு சைக்கிளைத் தள்ளினோம். பிறகு தூக்கினோம். மலைச் சைக்கிள் என்பது மலையில் மனிதன் சுமந்து போவதற்கான சைக்கிள் என்ற பொருள் எனக்கு விளங்கியது. சதுப்பில் முழங்கால் வரை இறங்கினேன். சேறு ஷூவைக் கழற்றி வைத்துக்கொண்டு யோசித்து, மாப்பிள்ளை கைவிட்டுத் துழாவிய பிறகுதான் திருப்பிக் கொடுத்தது. மூன்று மணிக்கெல்லாம் பனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் உலகம் இல்லாமல் போனது. அதற்குள் இருந்து எங்கோ ஒரு காட்டு மாடு மூக்கைச் சீறியது. போஜன் சொன்னபடி நின்றோம். கால் விறைத்தது. போஜன் சொன்னபடி அசைந்தோம்.

"கொஞ்ச தூரம்தானுங்க இருக்கும்" என்றேன். "ஆமாங்க, வந்துருச்சுங்க" என்றார். எது வந்துவிட்டது என்று இருவருக்கும் தெரியாது.

ஒரு விழுந்த மரத்தருகே நான் உட்கார்ந்தேன். ஓய்வுக்காகத்தான். குளிர் அப்போது அவ்வளவாகத் தெரியவில்லை. நடுக்கம்கூட நின்றுவிட்டது. நல்ல தூக்கம் வந்தது. டாக்டருக்குச் சொல்ல வேண்டிய செய்தி. மாப்பிள்ளையிடம், நீங்க போங்க, நான் பின்னாடியே வர்றேன் என்றேன். மரியாதைக்குச் சொன்னது. வேறு எண்ணம் எதுவும் இல்லை. அங்கே அமைதியாக இருந்தது என்பது மட்டும் உண்மை. ஃப்ரிட்ஜ் சத்தம்கூட இல்லை.

மாப்பிள்ளை என் கடிகாரத்தைப் பார்த்தார். அவருடையதைப் பார்க்கவில்லை. தன் மேல்சட்டையைக் கழற்றி என் மேல் போர்த்தினார். பிறகு பக்கத்தில், அந்த ஈரத்திலேயே, மெத்தை வைத்த கால்சட்டையோடு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் எழுந்திருக்கச் சொன்னேன். நீங்கள் எழுந்தால் எழுகிறேன் என்றார். எனக்கு அவசரம் இல்லை என்றேன். எனக்கும் இல்லை என்றார். கொஞ்ச நேரம் இரண்டு கனவான்கள் சேற்றில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டிருந்தோம். அவர் உதடு நீலமாக ஆரம்பித்தது. கை நெஞ்சுப் பக்கம் போனது.

அப்போதுதான் அது நடந்தது. எங்கள் குடும்ப வரலாற்றில் முதல் முறை. வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

"எந்திரிங்க மாப்ள. நெஞ்சுல கம்பிய வெச்சுக்கிட்டு ஈரத்துல உக்காந்திருக்கீங்களே, புத்தி இருக்குதா உங்களுக்கு? வழியே தப்பு. பிரிவுலயே தப்பு. பவானியும் கரூர்ல கலக்கல, பவானிலதான் கலக்குது."

கடைசி வாக்கியம் தேவையில்லைதான். ஆனால் வெகு நாட்களாக வரிசையில் நின்றது.

மாப்பிள்ளை என்னை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் இல்லை. "வழி தப்புன்னு தெரியுங்க மச்சான்" என்றார்.

"தெரிஞ்சுமா வண்டிய வலது பக்கம் திருப்புனீங்க?"

"நானெங்க திருப்புனேன்? சக்கரத்துக்கடியில கல்லு. நீங்கதான் முன்னாடி எறங்குனீங்க."

"உங்களுக்காகத்தான எறங்குனேன். வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

அவர் நெஞ்சுப் பையிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்துப் பாதியாக உடைத்தார். கை போனது அதற்காகத்தான் போலிருக்கிறது.

"பதினோரு மாசத்துல நீங்களா ஒரு பக்கம் திரும்புனது இதுதாங்க மொதத் தடவை" என்றார். "அதைப் போயி தப்புன்னு எப்படிங்க சொல்றது?"

பனி மிகவும் அடர்த்தியாக இருந்ததால் கண்ணில் ஈரம் படிந்தது. இருவருக்கும்.

எழுந்தேன். இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன்: சுலோவுக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் எழுந்தேன். நான் எழாவிட்டால் அந்த மனிதர் எழமாட்டார், அவர் எழாவிட்டால் என் தங்கைக்கு நான் பதில் சொல்ல முடியாது. வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கால்கள் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். யாரை யார் கூட்டி வருகிறார் என்று தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்குக் குழப்பமாக இருந்திருக்கும். நல்லவேளை, பத்தடிக்கு அப்பால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

சைக்கிள்களை அங்கேயே விட்டோம். எங்கள் டயர் சேற்றில் போட்ட தடத்தைப் பிடித்தே ஏறினோம். தடிமன் டயரால் கிடைத்த ஒரே பயன். வழி நெடுக நான் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். வங்கி வட்டி பற்றி அவர் சொன்ன எல்லாவற்றையும் வரிசையாகத் திருத்தினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "அப்புறம்?" என்று கேட்டு, என்னை நிற்க விடாமல் நடத்தினார். இருட்டும் முன்பே பிரிவுக்கு வந்துவிட்டோம். அங்கே போஜன் டார்ச்சோடும் ஃப்ளாஸ்க்கோடும் நின்றார். பன்னிக்கல் வரை போய்த் தேடிவிட்டு வந்திருக்கிறார்.

"நான் இடதுன்னுதானே சார் சொன்னேன்" என்றார்.

"சொன்னீங்க" என்றோம் இருவரும், ஒரே நேரத்தில்.

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு டீயை ஊற்றினார். பங்களாவில் சர்க்கரைப் பொங்கல் ஆறிப்போய்ப் பாறையாகியிருந்தது. அவர் மனைவி செய்து அனுப்பியதாம். துக்க வருடத்தில் பொங்கல் வைக்கத்தான் கூடாது. அடுத்தவர் வைத்ததைச் சாப்பிடுவது பற்றி எனக்கு விதி எதுவும் ஞாபகம் வரவில்லை. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜனவரி 16, வெள்ளி (மாட்டுப் பொங்கல்)

உடம்பில் வலிக்காத இடம் காது மடல் மட்டும்.

பனி விலகிய பின் போஜனோடு போய் மேட்டிலிருந்தே பார்த்தோம். சைக்கிள்களைச் சுற்றி ஏழெட்டுக் காட்டு மாடுகள். ஒன்று என் இருக்கையை நிதானமாக நக்கிக்கொண்டிருந்தது. வியர்வை உப்பாம். அவற்றின் திருநாள் என்பதால் குறுக்கிடாமல் நின்றோம். அவை போன பிறகு எடுத்து வந்தோம். என் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமான இருக்கையில் உட்கார்ந்ததில்லை.

சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் தண்ணீர்த் தொட்டியின் மேல். ஏறி சுலோவைக் கூப்பிட்டேன். உன் வீட்டுக்காரரைப் பத்திரமாகக் கொண்டுவந்துவிட்டேன், கவலைப்படாதே என்றேன்.

அந்தப் பக்கம் சுலோ மூக்கை உறிஞ்சினாள்.

"ஆமாங்ணா" என்றாள். "உங்களைப் பத்திரமாக் கொண்டாந்துட்டேன்னு அவரும் காலைல சொன்னாரு."

தொட்டியின் மேலிருந்து பார்த்தால் கீழே மாப்பிள்ளை தெரிந்தார். வேலைப்பாடு எதுவும் இல்லாத ஒரு சாதாரணக் கம்பத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். நான் இறங்கி வரும் வரை எடுத்தார்.

ஒரு விஷயம் மட்டும் கேட்டேன். ஸ்டென்ட் வைத்ததாவது உண்மையா?

"அது உண்மைங்க மச்சான். மத்ததுதான் சுலோ யோசனை."

ஜனவரி 17, சனி

கீழே இறங்கினோம். மேட்டுப்பாளையம் தாண்டும்போது, இந்த ஆறு எங்கே போய்க் கலக்கிறது தெரியுமா என்று மாப்பிள்ளை கேட்டார். விளக்கமாகச் சொன்னேன்.

ஜனவரி 19, திங்கள்

தூங்கினேன். கடிகாரம் ஆறு மணி நேரம் என்கிறது. மலிவுக் கடிகாரம்தான். இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் நம்பலாம் என்று தோன்றுகிறது.

விடிந்ததும் வாசலில் மணி அடித்தது. மாப்பிள்ளை. காரின் பின்னால் இரண்டு சைக்கிள். வாளையார் பக்கம் ஒரு மண் பாதை இருக்கிறதாம், மேடே கிடையாதாம். பொய் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. சமையல்மேடையில் காபி இரண்டு டம்ளர் ஆற்றி வைத்திருந்தேன். அவர் பாட்டுக்கு உள்ளே வந்து ஒன்றை எடுத்து ஒரு வாய் குடித்தார். நான் தடுப்பதற்குள் நடந்துவிட்டது.

"சக்கரை ரொம்பத் தூக்கலா இருக்குங்களே மச்சான்" என்றார்.

"அது அப்படித்தான். பேசாமக் குடிங்க" என்றேன்.

குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தார்.

புறப்படும் முன் கொல்லைக்குப் போனேன். கறிவேப்பிலைச் செடி வழக்கம்போல் எதிர்பார்த்து நின்றது. இன்று அதற்குத் தண்ணீர் ஊற்றினேன்.